திரும்பி வந்த எடை

குறைவாகச் சாப்பிடுகிறவர்கள்தான் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று பத்தியம் சொன்னபோது, அதைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. அதுவரை பத்தியம் சொன்ன எதுவும் பொய்த்ததில்லை.

பத்தியம் என்பது ஆளின் பெயர் அல்ல. தலைநகரில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் பெயர். மருத்துவர்கள் சீட்டில் மாத்திரையோடு சோற்றையும் சேர்த்து எழுத ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. காசநோய்க்காரருக்கு இத்தனை முட்டை, சர்க்கரைக்காரருக்கு இவ்வளவு தினை, சிறுநீரகம் பழுதானவருக்கு உப்பில்லாத இந்தக் கூட்டு என்று ஒவ்வோர் உடம்புக்கும் தனித்தனியாகப் பத்தியம் அளவு சொல்லும். அதன்படி அரசு சமையற்கூடத்தில் சமைத்து, நான்கடுக்கு கேரியரில் வைத்து அனுப்புவார்கள். வெறும் மருந்தை மட்டும் விழுங்கிப் பாதி வழியில் போய்ச் சேர்ந்தவர்கள் முன்பெல்லாம் ஏராளம். இப்போது அப்படிப்பட்டவர்கள் எழுந்து நடமாடினார்கள்.

நோயாளியின் விரலில் ஒரு மோதிரம் இருக்கும். அது இரத்தத்தைப் படித்து, நூற்றுக்கு இத்தனை என்று தேறுதல் எண்ணை அனுப்பும். கேரியரின் ஒவ்வோர் அடுக்குக்கும் அடியில் மெல்லிய எடைத் தகடு உண்டு. போகும்போது எவ்வளவு கனம், திரும்பும்போது எவ்வளவு கனம் என்று அது பார்த்துக்கொள்ளும். திரும்பி வருகிற கனம் சாப்பிடாமல் மிச்சம் வைத்தது. முதலில் கேமரா வைக்கத்தான் யோசித்தார்கள். "நாங்க திங்கிறதை ஊரே பாக்கணுமா? கண்ணு பட்டா சோறு செமிக்குமா?" என்று ஜனங்கள் சண்டைக்கு வந்ததால் அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

ரூபவதி அந்தத் திட்டத்தில் உணவு ஆய்வாளர். வயது முப்பத்தெட்டு. தலைநகரில் பதினோராம் மாடியில் தனியாக இருந்தாள். சாப்பிட உட்காரும்போது கண்ணை மூடி, இதை விளைவித்தவர், சமைத்தவர், சுமந்தவர் எல்லோரும் நன்றாக இருக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் முதல் கவளத்தை எடுப்பாள். அலுவலகத்தில் அதைக் கேலி செய்வார்கள். அவள் சிரித்துவிட்டுச் சாப்பிடுவாள்.

இயக்குநர் நீலமேகம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் முகமெல்லாம் பூரிப்பு.

"செம்மணல்துறை உப்பளத்துல முன்னூத்தி நாப்பது நோயாளிங்க. யார் கேரியர்ல மிச்சம் ஜாஸ்தியா வருதோ, அவங்க எண் மளமளன்னு ஏறுது. வழிச்சுத் துடைச்சுச் சாப்பிடுறவங்க தத்தித் தத்தி ஏறுறாங்க. இத்தனை வருஷமா நாம ஊட்டி ஊட்டியே கெடுத்திருக்கோம் ரூபவதி!"

"மத்த ஊர்ல இப்படி இல்லையே சார்?"

"மத்த ஊர்ல கூடத்துல உக்காரவெச்சுப் போடுறோம். இல்லாட்டி ஆளு கொண்டுபோய்க் குடுத்து, நின்னு வாங்கிட்டு வருது. உப்பளம் பரந்து கெடக்கு, அதனால அங்க மட்டும்தான் தானோட்டி வண்டி போகுது. பார்க்க ஆள் இல்லாதப்பதானே மனுஷனோட உண்மையான பழக்கம் தெரியும்?"

"இப்ப என்ன செய்யப்போறோம்?"

"ஒண்ணாம் தேதியிலிருந்து அளவு பாதி. முதல்ல அங்க, அப்புறம் மாநிலம் பூரா. நீங்க நேர்ல போய்ப் பார்த்து ஒரு சான்று எழுதிக் குடுங்க. எட்டு நாள் இருக்கு."

பாதி என்பதை ரூபவதியால் ஏற்க முடியவில்லை. சதையெல்லாம் உருகி வந்து, வேளாவேளைக்குச் சோறு கிடைத்ததாலேயே பிழைத்த காசநோய்க்காரர்களை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். ஆனால் எண்களும் கண்ணெதிரே இருந்தன. அது எப்படி முடியும் என்ற கேள்வி, அவள் ரயிலேறி இறங்கும்வரை கூடவே வந்தது.

செம்மணல்துறைப் பட்டியலில் முதலில் இருந்த பெயர் சலேத். வயது நாற்பத்து நான்கு, உப்பளத் தொழிலாளி, காசநோய். தினமும் நூற்றைம்பது, நூற்றறுபது கிராம் மிச்சம். மூன்றே மாதத்தில் எண் முப்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டு.

சலேத்தின் வீடு உப்புப் பாத்திகளை ஒட்டி ஒரே அறையாக நின்றது. புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் சலேத்தின் வாய்க்கு மட்டும் ஒரு நோயும் இல்லை.

"ஆபீசரம்மாவா? வாங்க, வாங்க. நாற்காலி ஒரு காலு ஆடும். எனக்குப் பயந்து ஆடுதுன்னு நினைச்சுக்கிடுங்க."

சரியாகப் பன்னிரண்டரைக்கு, பெட்டிபோல ஒரு வெள்ளை வண்டி ஆளில்லாமல் ஊர்ந்து வந்து வாசலில் நின்றது. "சாப்பாடு வந்திருக்கிறது" என்று பதிவு செய்த ஒரு பெண்குரல் கேட்டது.

"வந்துட்டியா மக்கா? இந்த வெயில்ல எப்படி வாரியோ" என்றபடி சலேத் வண்டியின் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கேரியரை எடுத்தாள். ரூபவதி பக்கம் திரும்பி, "மோராவது குடிச்சிட்டுப் போன்னு எத்தனை நாளு சொல்லிட்டேன். ரொம்பத்தான் வீம்பு பிடிச்சவ" என்றாள்.

ரூபவதி சிரித்துவிட்டாள்.

"நான் இங்கேயே இருக்கலாமாக்கா? நீங்க சாப்பிடுறதைப் பாக்கணும்."

"பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு எறங்காதும்மா. அந்தாப்புல உப்பைப் பாத்துக்கிட்டு இருங்க. காது கேக்கும்லா, காதால பாருங்க."

ரூபவதி உப்புக் குவியல்களைப் பார்த்தபடி காதால் பார்த்தாள். கீரையைப் பிசையும் சத்தம், முட்டையைப் பிய்க்கும் சத்தம், கடைசியில் விரலை ஒவ்வொன்றாகச் சூப்பும் சத்தம். திரும்பியபோது நான்கு அடுக்குகளும் துடைத்துவைத்தாற்போல் இருந்தன. ஒரு பருக்கை இல்லை.

சலேத் அடுக்குகளைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு அவள் கை மாடத்தின் பக்கம் போனது. ரூபவதியை ஓரக்கண்ணால் பார்த்ததும் கை திரும்பிவிட்டது. அடுக்குகளை மூடிக் கொக்கியை மாட்டி வண்டியில் வைத்தாள். வண்டி போய்விட்டது.

அன்றைக்குச் சலேத்தின் கேரியரில் மிச்சம் எதுவும் இல்லை என்று பதிவானது. மறுநாள் ரூபவதி போகவில்லை. நூற்றறுபத்தைந்து கிராம் என்று வந்தது.

"நீங்க போய் முன்னாடி நின்னதால பயந்து தின்னிருக்கா" என்றார் நீலமேகம் தொலைபேசியில். "இதுவே போதும். சான்று எழுதிடுங்க."

பயந்து சாப்பிடுகிறவள் விரலைச் சூப்புவாளா? ரூபவதி விடுதி அறையில் உட்கார்ந்து யோசித்தாள். சோற்றை நாய்க்கு வைத்தாலும், அக்கம்பக்கத்துக் குழந்தைக்கு ஊட்டினாலும், எடை குறையத்தான் செய்யும், தின்றதாகத்தான் பதிவாகும். குறைவதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் எடை கூடுவதற்கு என்ன வழி?

எடைத் தகடுகளைச் சோதித்தாள். பழுதில்லை. சமையற்கூடத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் கொட்டகைக்குப் போனாள். ஐந்து பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களுக்கு மூத்தவள் சந்தனமாரி, ஐம்பது வயதிருக்கும், முழங்கைவரை சோப்பு நுரை.

"கேரியர்ல மிச்சம் வந்தா என்ன செய்வீங்கக்கா?"

"குழியில கொட்டணும்னு உத்தரவு. கொட்டிருதோம்."

"குழியைக் காட்டுங்க."

கொட்டகைக்கு வடக்கே குழி இருந்தது. அதற்குள் புல் முளைத்து, ஒரு வெள்ளாடு இறங்கி நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. முன்னூற்று நாற்பது பேரின் மிச்சம் தினமும் விழுகிற குழி அப்படியா இருக்கும்?

"மிச்சமே வாரதில்லம்மா. காலியாத்தான் வருது" என்றாள் சந்தனமாரி, ஆட்டைப் பார்த்துக்கொண்டு.

மிச்சம் வருகிறது என்கிறது இயந்திரம். வரவில்லை என்கிறாள் கழுவுகிறவள். இரண்டு பேரில் பொய் சொல்லத் தெரிந்தது ஒருத்திக்குத்தான். ஆனால் பொய் சொல்கிற முகத்தில் திருட்டு இல்லை, பயம்தான் இருந்தது. ரூபவதி வேறொன்றும் கேட்காமல் திரும்பிவிட்டாள்.

மறுநாள் வண்டிகள் திரும்புகிற இரண்டரை மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டகையில் போய் நின்றாள். ஐந்து பெண்களும் சிலைபோல நின்றார்கள். நூற்றுப் பதினேழாம் எண் கேரியர் சலேத்தினுடையது. ரூபவதியே அதை எடுத்துக் கொக்கியை நீக்கினாள்.

முதல் அடுக்கு காலி. இரண்டாவது காலி. மூன்றாவதில், கழுவித் துடைத்து ஒரே நீளத்துக்கு நறுக்கிய பனங்கிழங்கு மூன்று. ஓரத்தில் ஒரு காகிதப் பொட்டலத்தில் கொஞ்சம் பொடியுப்பு.

அடுத்த கேரியரைத் திறந்தாள். ஒரு எலுமிச்சம்பழம். அடுத்ததில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, ஆய்ந்து வைத்தது. அதற்கடுத்ததில் தாளில் சுற்றிய நெத்திலிக் கருவாடு. ஒன்றில் வெறும் சீனி, இரண்டு கரண்டி இருக்கும். ஒன்றில் ஒரே ஒரு செம்பருத்திப் பூ. வேறு ஒன்றும் அகப்படாதவர் வைத்திருக்க வேண்டும்.

சந்தனமாரிதான் வாயைத் திறந்தாள்.

"யம்மா, சோறு வந்த பாத்திரத்தை வெறுமன திருப்பிக் குடுக்குத பழக்கம் இங்க யாருக்கும் கிடையாது. ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் குடுப்பாவ. உங்க பக்கம் இல்லியா?"

"உண்டு" என்றாள் ரூபவதி. அவளுக்கு வெட்கமாக இருந்தது. உண்டு என்பது தெரிந்துதான் இருந்தது. ஆனால் பதினோராம் மாடியில் சாப்பாடு தூக்கிப்போடுகிற டப்பாவில் வருகிறது. யார் வீட்டுப் பாத்திரமும் யார் வீட்டுக்கும் போவதில்லை. இத்தனை நாளாக மூளையைக் கசக்கியும் இது அவள் நினைவுக்கு வரவில்லை. திட்டத்தில் இருந்த படித்தவர்கள் அத்தனை பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

"யாருக்கு அனுப்புறாங்க?"

"யாருக்குன்னு அவுகளுக்கே தெரியாது. வண்டியில ஆளு இல்ல. சமைச்ச கைக்குப் போய்ச் சேரும்னு வைக்காவ. சமையக்கட்டு அடுத்த கட்டடம், கேரியர் முதல்ல வாரது எங்ககிட்ட." சந்தனமாரியின் குரல் இறங்கியது. "நோயாளிகிட்ட எதையும் வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. தெரியாம இல்ல. வாங்கினா அஞ்சு பேரு வேலையும் போயிரும். ஆனா ஒருத்தி பாத்துப் பாத்து ஆய்ஞ்சு குடுத்த கீரையைக் குழியில கொட்ட கை வரணும்லா?"

"அதனால வீட்டுக்குக் கொண்டுபோறீங்க."

"இல்லம்மா!" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி, அடிபட்டவள்போல. "வந்து பாருங்க."

கொட்டகைக்குப் பின்னால் மூன்று செங்கல் அடுப்பில் ஒரு பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. கருவாடும் முருங்கைக்கீரையும் கிழங்கும் ஒன்றாக வெந்த மணம். பக்கத்து மருத்துவமனை மதிலில் ஒரு சின்னக் கதவு. அதன் அந்தப் பக்கம், கையில் கிண்ணத்தோடு சிலர் காத்திருந்தார்கள். வார்டில் படுத்திருப்பவர்களுக்குத் துணையாக வந்தவர்கள்.

"சீட்டுல பேரு இருக்கவுகளுக்குத்தான் சோறு" என்றாள் சந்தனமாரி. "படுத்திருக்கவுகளுக்குப் பத்தியம் பாத்துப் பாத்துப் போடுது. பக்கத்துல உக்காந்திருக்கவ பட்டினி. சாயங்காலம் ஆளுக்கு ஒரு கரண்டி குழம்பு ஊத்துதோம். நல்லாக் கொதிக்கவெச்சுத்தான். சலேத்தோட கிழங்கு இப்படி வந்து சேருதுன்னு சலேத்துக்குத் தெரியாது."

ரூபவதி அந்தச் செங்கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உண்மையை எழுதாவிட்டால் ஒன்றாம் தேதி சலேத்தின் சோறு பாதியாகும். அப்புறம் மாநிலத்தில் இருக்கிற எல்லாச் சலேத்துகளின் சோறும் பாதியாகும். உண்மையை எழுதினால் இந்த ஐந்து பேரின் வேலை போகும்.

"என்ன யோசனை? எழுதுங்க" என்றாள் சந்தனமாரி. "வேலை போனா உப்பளம் எங்கயும் ஓடிராது. அதுக்காக அத்தனை பேரு வயித்துல அடிக்க முடியுமா?"

ரூபவதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்துங்கக்கா" என்றாள்.

"ஐயோ, வேண்டாம்மா. நீங்க ஆபீசரு. சட்டம் உங்களுக்கும் உண்டும்லா?"

"உண்டு. அதுக்குத்தான் கேக்கிறேன்."

கண்ணை மூடி, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். விளைவித்தவர், சமைத்தவர், சுமந்தவர். அன்றைக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் இருந்தது. குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான். கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினாள். தேறியவர் எழுந்து நடக்கிறார், நடக்கிறவர் கீரை பறிக்கிறார், அதனால் கேரியர் கனமாகத் திரும்புகிறது. இதைத் தவிர அதில் அதிசயம் எதுவும் இல்லை, ஒருவரும் சோற்றைக் குறைக்கவில்லை என்று விளக்கினாள். நோயாளிகளிடம் உணவுப் பொருள் பெற்ற ஊழியர்கள் என்ற தலைப்பில் ஆறு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் அவளுடையது.

நீலமேகம் கூப்பிட்டார். "நீங்க ஏன் சாப்பிட்டீங்க?"

"பசிச்சுது சார்."

ஆய்வாளரை விட்டுவிட்டுக் கழுவுகிறவர்களை மட்டும் வீட்டுக்கு அனுப்ப அவரால் முடியவில்லை. ஆறு பேருக்கும் விசாரணை நடந்து, ஆறு பேருக்கும் ஒரே மாதிரி எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ரூபவதிக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. சோற்றைப் பாதியாக்கும் உத்தரவு ரத்தாயிற்று. அவளைச் செம்மணல்துறையிலேயே இருந்து மேற்பார்வை பார்க்கச் சொன்னார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இயக்குநர் ஒழுங்கை விரும்புகிறவர். கலப்படமில்லாத எடை வேண்டும் என்று கேரியர் மூடிகள் எல்லாவற்றிலும் ஒரு தாள் ஒட்டச் சொன்னார். 'இந்தக் கேரியர் எடை பார்க்கிறது. இதில் எந்தப் பொருளையும் வைத்து அனுப்பாதீர்கள்.' ரூபவதிக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. சோறுதானே முக்கியம், கிழங்கு வராவிட்டால் என்ன என்று அவளும் நினைத்தாள். செங்கல் அடுப்பு மட்டும் அணைந்துவிடக் கூடாதென்று, தினமும் சந்தையில் காய் வாங்கிவந்து சந்தனமாரியிடம் கொடுத்தாள்.

தாள் ஒட்டிய முதல் வாரம் கேரியர்கள் காலியாகத் திரும்பின. இரண்டாம் வாரத்திலிருந்து மறுபடியும் எடை கூடியது. இந்த முறை அடுக்குகளில் இருந்தது சோறு. பிசைந்து பாதியில் விட்ட சோறு, தொடாத முட்டை. சில கேரியர்களில் கொக்கியைக்கூட யாரும் நீக்கியிருக்கவில்லை. குழியில் முளைத்திருந்த புல் சோற்றுக்கடியில் மறைந்தது. மோதிரங்கள் அனுப்பிய எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. நாலாம் வாரம் சலேத்தின் எண் நாற்பத்தேழு. இருமலில் மறுபடியும் இரத்தம் வந்ததால் வார்டில் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள்.

ரூபவதி முகக்கவசத்தோடு கட்டிலருகே போய் நின்றாள்.

"ஏன்க்கா சாப்பிடல?"

"சாப்பிடத்தான் செஞ்சேன். எறங்கல."

"மாத்திரை குமட்டுதா?"

"மாத்திரை என்ன செய்யும், பாவம்." சலேத் மூச்சு வாங்கிக்கொண்டாள். "யம்மா, ஒண்ணு கேக்கேன். உங்க வீட்டுக்குத் தினம் ஒருத்தி சோறு கொண்டுவாரா. மூஞ்சி தெரியாது, பேரு தெரியாது. ஒரு நாளும் உக்கார மாட்டா, தண்ணி குடிக்க மாட்டா. போகட்டும். நீ குடுத்தா வாங்க மாட்டேன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டும் வாரா. அவ கையால எத்தனை நாளைக்கு வாங்கித் திம்பிய?"

ரூபவதி நாற்காலியைக் கட்டிலருகே இழுத்து உட்கார்ந்தாள்.

"முன்னாடி எல்லாம், இன்னைக்கு என்னத்த வச்சு அனுப்பலாம்னு நினைச்சுக்கிட்டே எந்திரிப்பேன். கிழங்கு தோண்டணும்னா நடக்கணும். நடந்தா பசிக்கும். சோறும் எப்ப வரும் எப்ப வரும்னு இருக்கும். இப்ப எந்திரிச்சு என்ன செய்ய?"

தேறியதால் நடந்தார்கள், நடந்ததால் கிழங்கு வந்தது என்று ரூபவதி அறிக்கையில் எழுதியிருந்தாள். அது பாதிதான். கிழங்குக்காக நடந்தார்கள், நடந்ததால் தேறினார்கள் என்ற மறுபாதி அவளுக்கு அப்போது தெரியவில்லை. கடவுள் மனுஷனைப் படைக்கும்போது, வாங்குகிற கையையும் கொடுக்கிற கையையும் ஒரே உடம்பில்தான் வைத்தார் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றே நீலமேகத்துக்கு எழுதினாள். தாளைக் கிழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். மனசு நோகிறது என்பதையெல்லாம் கோப்பில் காரணமாகக் காட்ட முடியாது, போகப் போகப் பழகிவிடுவார்கள் என்று பதில் வந்தது. அதற்குள் சலேத்தின் எண் நாற்பத்தொன்று ஆகியிருந்தது. முப்பதுக்குக் கீழே போனால் மருந்தைத் தாங்க உடம்பில் பலம் இருக்காது என்றார் வார்டு மருத்துவர்.

அதற்குப் பிறகு ரூபவதி தினமும் மத்தியானம் வார்டுக்கு வந்தாள். சலேத்தின் சாப்பாட்டுக் கிண்ணம் மேசையில் ஆறிக்கொண்டிருக்கும். ஒரு வாய், இரண்டு வாய், அதற்குமேல் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை அப்படி உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அதிர்ந்தது. நீலமேகம்தான்.

"ரூபவதி, நீங்க பத்தியத்துக்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"அதுக்கு எண்ணைத் தவிர வேற எதுவும் புரியாதே சார். நான் என்ன சொல்ல முடியும்?"

"மாசப் பரிந்துரை வந்திருக்கு. படிக்கிறேன் கேளுங்க. 'செம்மணல்துறைக் கேரியர்களில் ஐந்தாவது அடுக்கு ஒன்று சேர்க்கவும். அதில் எதுவும் வைக்காமல் அனுப்பவும்.' இதுக்கு என்ன அர்த்தம்? நோயாளிக்குக் காலிப் பாத்திரம் அனுப்பச் சொல்லுது! கணக்கு ஓட்டிப் பார்த்தா, அந்த ஊர் எண் எல்லாம் மறுபடியும் ஏறும்னு காட்டுது. எதனாலன்னு கேட்டா, தெரியாதுங்குது."

ரூபவதியின் கண் கலங்கியது. எண் ஏறிய நாட்களையும் எண் இறங்கிய நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிழங்கென்றால் என்ன, வெட்கமென்றால் என்ன என்று தெரியாத ஒன்று, இருட்டில் தடவித் தடவி அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"அனுப்பிடலாம் சார்" என்றாள். "தாளையும் எடுத்துடலாம்."

"கோப்புல எதுக்குன்னு எழுத?"

"நோயாளியோட பங்குன்னு எழுதுங்க."

"ம்ம். சரி, பத்தியம் சொன்னா மேல யாரும் மறுக்க மாட்டாங்க. நாலு நாள்ல வந்துடும்." அவர் இழுத்தார். "கடைசி வரி ஒண்ணு இருக்கு. இதுதான் தப்பா வந்திருக்கணும். 'ஐந்தாவது அடுக்கில் எடைத் தகடு பொருத்த வேண்டாம்.' நிறுக்காம இதுக்கு எப்படித் தெரியும்? ஹலோ? ரூபவதி?"

அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள். கட்டிலிலிருந்து சலேத் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, காலி அடுக்குன்னு பேச்சு அடிபடுது?"

"உங்க கேரியர்ல இன்னொரு அடுக்கு வரப்போகுதுக்கா. உள்ளே ஒண்ணும் இருக்காது. நீங்க என்ன வேணும்னாலும் வச்சு அனுப்பலாம். எடை பார்க்காது."

சலேத்தின் உதடு எதையோ முணுமுணுத்தது. பிறகு கையை ஊன்றி, மெல்ல மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து ஓர் அளவு காட்டினாள்.

"எம்புட்டு ஆழம் இருக்கும்? இம்புட்டு இருக்குமா? கிழங்கை நிமித்தி வைக்கலாமா, படுக்கத்தான் போடணுமா?"

கேட்டுக்கொண்டே ஆறிப்போன கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.